குழந்தைகளுக்கு இனவேறுபாடு தெரியுமா? அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லதா?

கேள்வி: ஜனவரி 12

சிறு குழந்தைகளின் கண்ணுக்கு இனமும் நிறமும் தெரிவதே இல்லை, பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பதால்தான் தெரியவருகின்றன என்பது என் எண்ணம். ஆகவே விவரம் தெரியும் வயதுவரை அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்துவிட்டால் வெறுப்பும் வராது அல்லவா? என் மகளுக்கு 4 வயது. இதுவரை அவளிடம் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

ஜனவரி 12, இரவு

மழலையர் வகுப்பில் பல இனக் குழந்தைகளோடு நெடுங்காலம் வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. குழந்தைகள் வேறுபாட்டைக் காண்பதில்லை என்பது ஒன்று. நாம் வாய் திறக்காவிட்டால் அவர்கள் மனத்தில் எதுவும் பதியாது என்பது மற்றொன்று. முதலாவதை இன்று பார்ப்போம்.

2005ஆம் ஆண்டில் டேவிட் கெல்லியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பிறந்து சில நாட்களே ஆன வெள்ளையினக் குழந்தைகளுக்கு வெவ்வேறு இன முகங்களின் படங்களைக் காட்டியபோது, அவர்கள் எந்த இன முகத்தையும் கூடுதலாகப் பார்க்கவில்லை. அதே படங்களைப் பார்த்த 3 மாதக் குழந்தைகளோ தம் இனத்தவரின் முகத்தையே நீண்ட நேரம் பார்த்தார்கள். இது பிறவிக் குணமாக இருக்குமோ என்ற ஐயத்துக்கு, அடுத்த ஆண்டே யாய்ர் பார்-ஹைம் குழுவினரின் ஆய்வில் விடை கிடைத்தது. இஸ்ரேலில் வெள்ளையினக் குழந்தைகளும் எத்தியோப்பியாவில் கறுப்பினக் குழந்தைகளும் தத்தம் இன முகங்களையே கூடுதலாகப் பார்த்தார்கள். ஆனால் எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், குடியேற்ற மையங்களில் இரு இனத்தவரையும் நாள்தோறும் பார்த்து வளர்ந்த குழந்தைகளிடம் அந்தச் சாய்வு இல்லை. சுற்றியிருப்பவர்கள் யார் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே 4 வயதுக் குழந்தைக்கு வேறுபாடு தெரியாது என்று நினைப்பதற்கு இடமில்லை. தவழத் தொடங்கும் முன்பே அவளுடைய கண் அதைப் பழகிவிட்டது.

ஜனவரி 13

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், அப்படியானால் இனவெறுப்பு 3 மாதத்திலேயே தொடங்கிவிடுகிறதா என்று கேட்டிருக்கிறார். இல்லை. கண் ஒரு முகத்தில் நிலைப்பதற்கும் மனம் அதை விரும்புவதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. 3 மாதத்தில் எல்லா இன முகங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அறிய முடிந்த குழந்தைக்கு, 9 மாதமாகும்போது தான் அன்றாடம் காணும் இனத்தவரின் முகங்களை மட்டுமே அப்படி நுட்பமாகப் பிரிக்க முடிகிறது என்பதும் கெல்லியின் குழுவினர் 2007இல் கண்டதுதான். காதில் விழாத மொழிகளின் ஒலிவேறுபாடுகளைக் குழந்தை ஏறக்குறைய அதே பருவத்தில் கைவிடுகிறது. தேவையானதைக் கூர்மையாக்கித் தேவையற்றதை மழுங்கவிடும் மூளையின் சிக்கனம் இது. இதில் தீமை எதுவும் இல்லை.

அது மாறாமல் நிலைத்துவிடுவதும் இல்லை. 3 முதல் 9 வயதுக்குள் ஐரோப்பியக் குடும்பங்களுக்குத் தத்துப்போன கொரியக் குழந்தைகளை, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு பிரான்சில் சோதித்தார்கள். ஆசிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களையே அவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். பிறந்த ஊரில் பழகிய கண், வளர்ந்த ஊருக்கேற்ப முழுவதுமாகத் திரும்பியிருந்தது.

என் கவலை எல்லாம் இதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. கண்டுகொண்ட வேறுபாட்டுக்குக் குழந்தை என்ன பொருள் கொடுக்கிறது?

ஜனவரி 15

இந்தப் பேச்சில் அமெரிக்க உளவியலாளர்களான கிளார்க் தம்பதியரைத் தவிர்க்க முடியாது. கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் 1947இல் வெளியிட்ட ஆய்வில் 3 முதல் 7 வயதுவரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகள் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர் இனப்பிரிவினை நடைமுறையில் இருந்த ஆர்கன்சா மாநிலத்துக் குழந்தைகள். மற்றவர்கள் இரு இனத்தவரும் சேர்ந்து படித்த மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். நிறத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பொம்மைகளை முன்னால் வைத்து, விளையாடப் பிடித்த பொம்மை எது, நல்ல பொம்மை எது, பார்க்க மோசமாக இருக்கும் பொம்மை எது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் உன்னைப் போல இருக்கும் பொம்மை எது என்று கேட்டார்கள். விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டவர்கள் 67 விழுக்காட்டினர். பழுப்புப் பொம்மைதான் மோசமாக இருக்கிறது என்றவர்கள் 59 விழுக்காட்டினர். தம்மைப் போல இருப்பது பழுப்புப் பொம்மைதான் என்று 66 விழுக்காட்டினர் காட்டினார்கள். 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரௌன் வழக்கில் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் எழுத்தையும் ஓர் அடிக்குறிப்பில் சுட்டிக்காட்டியது.

இந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டால் ஒன்றை ஒதுக்கித்தானே ஆகவேண்டும், அதை வைத்துத் தன்வெறுப்பு என்று முடிவு கட்டலாமா என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

ஜனவரி 15, சிறிது நேரம் கழித்து

சொல்ல வந்த முதன்மையான செய்தியை விட்டுவிட்டேன். தன் நிறம் மோசமானது என்று தன் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த தாய்மார்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காத பாடத்தை அந்தக் குழந்தைகள் எங்கே படித்தார்கள்? வெள்ளைப் பொம்மையை விரும்பியவர்களின் பங்கு, சட்டம் போட்டுப் பிரித்து வைத்திருந்த தெற்கைவிட, சேர்ந்து படித்த வடக்கில் சற்று அதிகமாகவே இருந்தது. பெற்றோரின் வாய்ச்சொல் மட்டுமே ஊற்று என்ற கருத்தை வைத்துக்கொண்டு இதை விளக்க முடியவில்லை.

ஜனவரி 18

என் வகுப்பில் நான் கண்டதை எழுதுகிறேன். பாவனை விளையாட்டில் குழந்தைகள் மருத்துவமனை நடத்திக்கொண்டிருந்தார்கள். யார் மருத்துவர், யார் தாதி, யார் தரை துடைப்பவர் என்று 5 வயதுச் சிறுமி ஒருத்தி பங்கு பிரித்துக் கொடுத்தாள். துடைப்பம் யார் கைக்குப் போனது என்பதைக் கவனித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. அவள் வீட்டாரை நன்கு அறிவேன். யாரையும் இழிவாகப் பேசாதவர்கள். ஏன் அவனுக்கு அந்த வேலை என்று மெல்லக் கேட்டேன். "அவர்கள்தானே துடைப்பார்கள்" என்றாள். குரலில் வெறுப்பு இல்லை, ஏளனமும் இல்லை. சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒன்றை, தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

துடைப்பம் வாங்கிய பையன் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் விளையாட்டை விட்டு எழுந்து போய்க் கட்டைகளை அடுக்கத் தொடங்கிவிட்டான். என்னை அதிகம் வருத்தியது அதுதான். அவளிடம் இருந்த அறிவு அவனிடமும் இருந்திருக்கிறது.

சமூகவியலாளர்களான டெப்ரா வான் ஆஸ்டேலும் ஜோ ஃபீகினும் இதே வகையானவற்றை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். வான் ஆஸ்டேல் அமெரிக்கக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் 11 மாதங்கள், அதட்டவோ தண்டிக்கவோ செய்யாத ஒரு பெரியவராகக் குழந்தைகளின் நடுவிலேயே இருந்து கவனித்தார். 3 வயதுக் குழந்தைகளும் இனத்தைப் பற்றிய எண்ணங்களைத் தம் விளையாட்டில் பயன்படுத்தினார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பதற்கு அதைக் கருவியாக்கினார்கள். ஆசிரியர் அருகில் வந்தால் பேச்சை மாற்றினார்கள். அந்த இடத்துப் பெரியவர்களோ, நம் குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியாது என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 19

குழந்தை உலகத்தைப் பார்த்து விதி வகுத்துக்கொள்கிறது என்றேன். அதைச் சோதித்துப் பார்த்தவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா பிக்லர். கோடைக்காலப் பள்ளி மாணவர்களுக்கு இரண்டு நிறங்களில் சட்டை கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் சட்டை நிறத்தைச் சொல்லியே வரிசையில் நிறுத்தினார்கள், உட்காரவைத்தார்கள், அழைத்தார்கள்; ஆனால் எந்த நிறத்தையும் உயர்த்தியோ தாழ்த்தியோ பேசவில்லை. மற்ற வகுப்புகளில் அதே சட்டைகள் இருந்தும் ஆசிரியர்கள் அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. சில வாரங்களில், நிறம் சொல்லி அழைக்கப்பட்ட வகுப்புகளின் குழந்தைகளிடம் தம் நிறத்தாரே சிறந்தவர்கள் என்ற எண்ணம் வளர்ந்திருந்தது. மற்ற வகுப்புகளில் அப்படி வளரவில்லை. 1997இல் வெளியான முடிவு இது.

2001இல் வெளிவந்த தொடர் ஆய்வு இன்னும் ஆழமானது. இம்முறை சுவரில் படங்களையும் ஒட்டினார்கள். அவற்றில் ஒரு நிறச் சட்டைக்காரர்களே பெரும்பாலும் வெற்றி பெற்றவர்களாகவும் தலைவர்களாகவும் இருந்தார்கள். சுவரில் அந்தப் படங்கள் இருக்க, ஆசிரியரும் நிறத்தைப் பயன்படுத்திய வகுப்புகளில், உயர்ந்த நிலையில் காட்டப்பட்ட நிறத்தைச் சேர்ந்த குழந்தைகள் தம் கூட்டத்தை உயர்வாக மதிக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர் நிறத்தைப் பயன்படுத்தாத இடத்தில் அப்படி நடக்கவில்லை.

கேள்வி கேட்டவர் இதைத் தமக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளலாம்: பெரியவர்கள் பேசாவிட்டால் வளராது என்றுதானே இதற்குப் பொருள்? அவசரம் வேண்டாம். மேலே சொன்னவர்கள் தொடக்கப் பள்ளி வயதினர். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை வைத்து மெகன் பேட்டர்சனோடு சேர்ந்து பிக்லர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர் நிறத்தைக் கண்டுகொள்ளாத வகுப்பிலும் தன் கூட்டத்தின்மேல் சாய்வு உண்டாகியிருந்தது. ஆசிரியர் பயன்படுத்திய வகுப்பில் சில அளவீடுகளில் அது கூடுதலாக இருந்தது. மேலும், சட்டை நிறம் வகுப்பறைக்கு வெளியே செல்லாத காசு. இனம் அப்படியா? யார் எங்கே குடியிருக்கிறார்கள், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், படக்கதையில் யார் வீரன், யார் திருடன் என்று பள்ளிக்கு வெளியே உலகம் நாள் முழுவதும் வரிசை பிரித்துக் காட்டிக்கொண்டே இருக்கிறது. நாம் வாயை மூடிக்கொண்டாலும் அந்த வரிசை கலைவதில்லை.

ஜனவரி 22

பெற்றோருக்குப் பங்கே இல்லையா என்று வேறொருவர் கேட்கிறார். இருக்கிறது, நாம் எண்ணும் அளவில் இல்லை. யூலியானே டெக்னரும் யோனஸ் டாலெகேயும் 131 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2013இல் ஆராய்ந்தபோது, பெற்றோர் மனப்பான்மைக்கும் பிள்ளைகள் மனப்பான்மைக்கும் இடையே சராசரி ஒட்டுறவு (தொடர்பே இல்லாவிட்டால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) 0.29 என்று வந்தது. தொடர்பு உறுதியாக உண்டு. ஆனால் பெற்றோரைப் பார்த்தே பிள்ளையை எடைபோடும் அளவுக்கு இல்லை.

அதோடு, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் சொல்லாகப் போவதில்லை. இத்தாலியில் லூயிஜி காஸ்டெல்லியின் குழுவினர் பாலர் வயதுக் குழந்தைகளுக்கு ஒரு காட்சியைக் காட்டினார்கள். வெள்ளையர் ஒருவர் கறுப்பினத்தவர் ஒருவரிடம் பேசுகிறார். சொற்கள் நட்பாகவே இருந்தாலும், சில காட்சிகளில் அவர் தள்ளி உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், இறுக்கமாகப் பேசுகிறார். குழந்தைகளின் மனப்பான்மை அந்த உடல்மொழியின் பக்கமே சாய்ந்தது, சொற்களின் பக்கம் சாயவில்லை. அமெரிக்காவில் அலிசன் ஸ்கின்னர், ஆண்ட்ரூ மெல்ட்சாஃப், கிறிஸ்டினா ஓல்சன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்விலும், ஒருவர்மீது பெரியவர்கள் காட்டிய முகச்சுளிப்பையும் விலகலையும் பார்த்த பாலர் வயதுக் குழந்தைகள், அவரை மட்டுமல்லாமல் அவருடைய கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லப்பட்ட இன்னொருவரையும் குறைவாக விரும்பினார்கள்.

பேசாமல் இருக்கிறோம் என்று நினைக்கும் வீட்டில் கையைப் பிடித்து இழுத்து அருகில் நிறுத்திக்கொள்வதும், குரல் தாழ்வதும், சாலையின் மறுபக்கம் மாறி நடப்பதும் பேச்சுதான்.

ஜனவரி 23

நிறம் வேறுபடாத இடங்களில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் தோற்றத்தில் வேறுபட்டவர்கள் அல்லர். பால் கானலியும் உடன்பணியாற்றியவர்களும் அங்கே 3 முதல் 6 வயதுவரையுள்ள 352 குழந்தைகளிடம் பேசி 2002இல் அறிக்கை வெளியிட்டார்கள். கொடிகள், காவல்துறை போன்றவற்றின்மீது விருப்பும் வெறுப்பும் 3 வயதிலேயே சமூகவாரியாக வேறுபடத் தொடங்கியிருந்தன. 6 வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தை, தான் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தது என்று உணர்ந்திருந்தது. 15 விழுக்காட்டினர் மறுதரப்பைப் பழிக்கும் கூற்றுகளைச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லாத இடத்தில், சமூகம் கொடியையும் ஊர்வலத்தையும் கொண்டு வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியவைத்துவிடுகிறது.

காது கண்ணைவிட வலியது என்றும் தோன்றுகிறது. கேத்ரின் கின்ஸ்லரின் ஆய்வுகளில் 5 வயது வெள்ளையின அமெரிக்கக் குழந்தைகளிடம், தம் இனத்தவரானாலும் அயல் உச்சரிப்பில் பேசும் குழந்தை, வேறு இனத்தவரானாலும் தம்மைப் போலவே பேசும் குழந்தை இருவரில் யாரை நண்பராக்கிக்கொள்வாய் என்று கேட்டபோது, தம்மைப் போல் பேசுபவரையே தேர்ந்தெடுத்தார்கள். என் வகுப்பிலும் புதிதாக வந்த குழந்தைகள் தனித்துப்போனது நிறத்தால் என்பதைவிடப் பேச்சால் என்றே எனக்கு நினைவிருக்கிறது. மொழி பழகியதும் அந்தத் தனிமை பெரும்பாலும் கரைந்துவிடும். நிறத்தால் விலக்கப்பட்ட குழந்தைக்கு அப்படி ஒரு வழி இல்லை.

ஜனவரி 27

இனம் என்றால் என்னவென்று குழந்தை நினைக்கிறது? என்னை ஆண்டுக்கணக்காக ஈர்த்த கேள்வி இதுதான், ஆகவே இந்தக் குறிப்பு நீளும்.

ழான் பியாஜேயும் ஆன்-மரி வெயிலும் 1951இல் ஜெனீவாக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஜெனீவா சுவிட்சர்லாந்தில் இருக்கிறது என்று சொல்லும் சிறு குழந்தை, இரண்டையும் வட்டங்களாக வரையச் சொன்னால் பக்கம் பக்கமாக வரைகிறது. நீ சுவிஸ் நாட்டவனா என்று கேட்டால், இல்லை, நான் ஜெனீவாக்காரன் என்கிறது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டாக இருக்க முடியாது என்று அது நம்புகிறது. ஒன்றுக்குள் ஒன்றை வைத்துப் பார்க்கும் ஆற்றல் மெல்ல மெல்லத்தான் வருகிறது. இதிலிருந்து வளர்ந்த கருத்தே பிரான்சிஸ் அபூட் போன்றோருடையது: ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் ஆட்களைப் பிரித்துப் பார்க்கும் ஆற்றல் வந்தபின் தப்பெண்ணம் குறைகிறது. அவனும் நானும் வேறு, ஆனால் இருவரும் ஓட்டத்தில் வல்லவர்கள் என்று ஒரே மூச்சில் நினைக்க முடிந்தால் கூட்ட எல்லை சற்றுத் தளர்கிறது.

இதற்கு மாறான கோணத்தில் பார்த்தவர் லாரன்ஸ் ஹர்ஷ்ஃபெல்ட். அவருடைய சோதனைகளில், ஒரு பெரியவரின் படத்தைக் காட்டி, இவர் சிறுவயதில் எப்படி இருந்திருப்பார், இவருடைய பிள்ளை யார் என்று கேட்டால், 3, 4 வயதுக் குழந்தைகள் உடற்பருமனையும் தொழிலுக்கான உடையையும்விட இனத்தையே மாறாத ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். அதாவது, இனம் மேலே பூசிய நிறம் மட்டுமன்று, பெற்றோரிடமிருந்து உள்ளே இறங்கி வருவது என்ற கருத்து அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. குழந்தை கண்ணால் கண்டதை மட்டும் தொகுக்கவில்லை, உள்ளே ஏதோ ஒரு சாரம் இருக்கிறது என்று ஊகிக்கவும் செய்கிறது என்பது ஹர்ஷ்ஃபெல்டின் வாதம்.

இரண்டையும் படித்தபோது முரணாகத் தோன்றியது. கின்ஸ்லரும் ஜோசலின் டாட்டலும் 2012இல் வெளியிட்ட ஆய்வு எனக்குச் சற்றுத் தெளிவைத் தந்தது. ஆங்கிலம் பேசும் ஒரு வெள்ளையினக் குழந்தையைக் காட்டி, வளர்ந்தபின் இது யாராக இருக்கும் என்று கேட்டார்கள். ஆங்கிலம் பேசும் கறுப்பினத்தவர், பிரெஞ்சு பேசும் வெள்ளையர் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 5, 6 வயது வெள்ளையினக் குழந்தைகள், இனம் மாறினாலும் மொழி மாறாது என்பதுபோல, ஆங்கிலம் பேசியவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வயதுக் கறுப்பினக் குழந்தைகளோ இனமே மாறாதது என்று விடையளித்தார்கள். தம் நிறம் நாள்தோறும் பொருட்படுத்தப்படும் இடத்தில் வளரும் குழந்தைக்கு, அது அழியாத ஒன்று என்ற அறிவு முந்திக்கொண்டு வருகிறது. மற்றக் குழந்தைக்கு அந்த அறிவு தாமதமாகலாம். தாமதம் அதற்குக் கிடைத்த வசதி. இந்த வயதில் இப்படி நினைப்பார்கள் என்று எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக ஒரு அட்டவணை போடுவதை நான் இதனால்தான் நம்புவதில்லை.

ஜனவரி 28

மௌனத்தைப் பற்றிய இரண்டாம் கூற்றுக்கு வருகிறேன். ஜெசிகா சல்லிவன், லீ வில்டன், எவன் ஆப்ஃபெல்பாம் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கப் பெரியவர்கள் இனத்தைப் பற்றிப் பேச்சைத் தொடங்கத் தகுந்த வயது ஏறக்குறைய 5 என்று கருதினார்கள்; இனத்தை உணரும் குழந்தைகளின் ஆற்றல்கள் உண்மையில் வரும் வயதைச் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தள்ளிக் கணித்தார்கள். உங்கள் எண்ணம் உங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மௌனத்திலிருந்து குழந்தை ஒன்றைக் கற்கிறது: இது பேசக்கூடாத பொருள். ஆப்ஃபெல்பாமும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பல முகப் படங்களைப் பரப்பி, ஆம் அல்லது இல்லை என்ற விடை பெறும் கேள்விகளைக் கேட்டு, மறைவாகக் குறித்த ஒருவரைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை வைத்தார்கள். 8, 9 வயதுக் குழந்தைகள், அவர் கறுப்பினத்தவரா என்று இயல்பாகக் கேட்டு விரைவில் கண்டுபிடித்தார்கள். 10, 11 வயதுக் குழந்தைகள் அந்தக் கேள்வியைத் தவிர்த்ததால், அறிவு வளர்ந்திருந்தும் பின்தங்கினார்கள். 2010இல் ஆப்ஃபெல்பாமும் உடன்பணியாற்றியவர்களும் கண்டது இன்னும் கவலை தருவது. நாம் எல்லோரும் ஒன்றே, இனத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்லும் கதையைக் கேட்ட குழந்தைகள், வேறுபாட்டை மதியுங்கள் என்று சொல்லும் கதையைக் கேட்டவர்களைவிட, பின்னர் தெளிவாக விவரிக்கப்பட்ட இனப் பாகுபாட்டைப் பாகுபாடு என்று அடையாளம் காண்பதில் பின்தங்கினார்கள். வகுப்பில் அடிபட்ட குழந்தை வந்து சொன்னாலும், கேட்பவருக்கு அது என்னவென்று விளங்காத நிலை இது.

பிப்ரவரி 2

ஐந்து நாட்களாக யோசித்ததில், மேலே எழுதியதை வாசித்துவிட்டு யாராவது இன்றே பிள்ளையை உட்காரவைத்து இனங்களைப் பற்றி வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவார்களோ என்ற அச்சம் வந்தது. பேசுவதிலும் ஆபத்து இருக்கிறது.

மார்ஜரி ரோட்ஸ், சாரா-ஜேன் லெஸ்லி, கிறிஸ்டினா ட்வோரெக் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சார்பிகள் என்ற கற்பனைக் கூட்டத்தைப் பற்றிப் படப்புத்தகம் தயாரித்தார்கள். அதில் வந்தவர்கள் நிறத்திலும் வயதிலும் பாலிலும் ஒருவரோடு ஒருவர் ஒத்திருக்கவில்லை. "சார்பிகள் வண்டுக்கு அஞ்சுவார்கள்" என்பதுபோலக் கூட்டத்தைப் பற்றிப் பொதுப்படச் சொன்னதைக் கேட்ட 4 வயதுக் குழந்தைகள், சார்பிகள் பிறவியிலேயே ஒரு தனி வகை என்று நம்பத் தொடங்கினார்கள். "இந்தச் சார்பி வண்டுக்கு அஞ்சுகிறார்" என்று தனியொருவரைப் பற்றிக் கேட்டவர்களிடம் அந்த நம்பிக்கை அவ்வளவாக உருவாகவில்லை. சொன்ன செய்தியில் தீங்கு ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இவர்கள் நன்றாகப் பாடுவார்கள், அவர்கள் கடும் உழைப்பாளிகள் என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் புகழ்ச்சியும் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே கூட்டத்தைப் பற்றிய பொதுவாக்கியங்களை விட்டுவிட்டு மூன்று வகையில் பேசலாம் என்று நினைக்கிறேன். ஆளைப் பற்றிப் பேசலாம்: இவர் பெயர் என்ன, இவருக்கு எது பிடிக்கும். உடலைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல்லலாம்: தோலில் மெலனின் என்ற நிறமி இருக்கிறது, சிலருக்குக் கூடுதலாக, சிலருக்குக் குறைவாக, வெயில் மிகுந்த நிலங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் வழிவந்தோருக்கு அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, உலகத்தின் ஏற்பாட்டைப் பற்றிப் பேசவேண்டும். என் வகுப்புச் சிறுமியின் கேள்வி உண்மையில் அதுதான். துடைப்பவர்கள் எல்லாம் ஒரே கூட்டத்தவராக இருக்கிறார்களே, ஏன்? அவர்கள் அப்படித்தான் என்பது ஒரு விடை. நீண்ட காலம் அவர்களுக்கு வேறு வேலையைக் கொடுக்க மறுத்தார்கள், அது நியாயமில்லை, இன்னும் அது முழுதாகச் சரியாகவில்லை என்பது இன்னொரு விடை. இரண்டாம் விடையைப் பெரியவர்கள் கொடுக்காவிட்டால் குழந்தை முதல் விடையைத் தானே செய்துகொள்ளும். நியாயம், அநியாயம் என்ற சொற்கள் 4 வயதுக் குழந்தைக்கு மிக நன்றாகப் புரியும். மிட்டாய் பங்கிடும்போது கவனித்திருப்பீர்கள்.

பிப்ரவரி 3

ஒருவர் 1968இல் ஜேன் எலியட் அயோவா மாநிலத்தில் தம் மூன்றாம் வகுப்பு மாணவர்களைக் கண்ணின் நிறத்தால் பிரித்து, ஒரு பிரிவினரை உயர்வாகவும் மற்றவர்களைத் தாழ்வாகவும் நடத்திக் காட்டிய பாடத்தை நம் வகுப்புகளிலும் நடத்தலாமா என்று கேட்கிறார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள் அவர் அதைச் செய்தார். அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் சிறு குழந்தைகளை நான் அப்படி நடத்த மாட்டேன். இழிவு என்றால் என்னவென்று வகுப்பில் சில குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்களை மறுபடி அதில் நிறுத்தி மற்றவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பிப்ரவரி 5

கேள்வி கேட்டவரிடமிருந்து மறுமொழி வந்திருக்கிறது. பேருந்தில் அவருடைய மகள் எதிரே இருந்தவரைச் சுட்டி, "அந்த மாமா ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறார்?" என்று உரக்கக் கேட்டாளாம். இவர் அவள் வாயைப் பொத்திவிட்டாராம். இனி அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்கிறார்.

குழந்தை கேட்டது நிறத்தைப் பற்றிய கேள்வி. வாயைப் பொத்தியதும் அது வெட்கத்தைப் பற்றியதாக மாறிவிடும், அதுவும் எதிரே இருப்பவரின் கண் முன்னாலேயே. அதே குரலில், அதே அளவு சத்தத்தில், "ஆமாம், அவர் தோலில் நிறமி கூடுதலாக இருக்கிறது, உன் தோலில் குறைவாக இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அவர் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள். ஆனால் விரலால் சுட்டுவதையும், ஒருவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவதையும் தனியாகத் திருத்துங்கள். அவை எவரைக் குறித்து என்றாலும் மரியாதைக் குறைவு. இரண்டையும் ஒரே அதட்டலில் கலந்துவிட வேண்டாம்.

பிப்ரவரி 9

பத்து வயதுப் பிள்ளையின் தந்தை ஒருவர், எங்களுக்குக் காலம் கடந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார்.

டோபியாஸ் ராபேயும் ஆண்ட்ரியாஸ் பீல்மனும் 113 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் காட்டியபடி, தப்பெண்ணம் 2 வயதிலிருந்து 4 வயதுவரை உள்ள பருவத்துக்கும் 5 முதல் 7 வயதுப் பருவத்துக்கும் இடையே ஏறுகிறது. பின்னர் 8 முதல் 10 வயதுக்குள் சற்று இறங்குகிறது. அதற்குமேல் ஒரே போக்கு இல்லை. சூழலைப் பொறுத்தே அமைகிறது. ஆனால் அந்த இறக்கத்தை அப்படியே நம்பவும் கூடாது. ஆண்ட்ரூ பாரனும் மஹசரின் பானாஜியும் 2006இல் 6 வயதினர், 10 வயதினர், பெரியவர்கள் என்று வெள்ளையின அமெரிக்கர்களில் மூன்று பிரிவினரை ஒப்பிட்டபோது, வெளிப்படையாகச் சொல்லும் சாய்வு வயதோடு குறைந்தது. சொல்லாமல் வெளிப்படும் சாய்வோ மூன்று பிரிவினரிடமும் ஒரே அளவில் இருந்தது. பிரிட்டனில் ஆடம் ரட்லண்ட் குழுவினரின் ஆய்விலும், தாம் கவனிக்கப்படுகிறோம் என்று உணரும்போது பிள்ளைகள் சாய்வை அடக்கிக்கொண்டார்கள். பத்து வயதில் பிள்ளை நாகரிகமாகப் பேசுகிறான் என்றால், எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்துகொண்டான் என்பது மட்டுமே நமக்கு உறுதி.

காலம் கடக்கவில்லை. தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்தபோது, கூட்டங்களுக்கிடையே பழக்கம் கூடியபோது தப்பெண்ணம் பொதுவாகக் குறைவாக இருந்தது. நேரில் பழக வாய்ப்பில்லாத இடங்களிலும் வழி உண்டு. லிண்ட்சி கேமரனும் ரட்லண்டும் மற்றவர்களும் 5 முதல் 11 வயதுவரையுள்ள பிரிட்டன் பள்ளிக் குழந்தைகளுக்கு, அவர்களைப் போன்ற பிள்ளைகள் அகதிக் குழந்தைகளோடு நெருங்கிய நண்பர்களாக இருக்கும் கதைகளைப் படித்துக் காட்டி, அவற்றைப் பற்றிப் பேசவும் வைத்தார்கள். அதன்பின் அகதிகளைப் பற்றிய அவர்களுடைய எண்ணம் மேம்பட்டிருந்தது. இரு தரப்பாரும் தத்தம் அடையாளத்தை விடாமலேயே பெரிய கூட்டம் ஒன்றில் ஒன்றாக இருப்பதாகச் சொன்ன கதைகளே மிகுதியாகப் பயன் தந்தன.

பத்து வயதுப் பிள்ளைக்கு நான் கதையோடு நிறுத்தமாட்டேன். அவன் வகுப்பில் யார் யாரோடு உட்காருகிறார்கள், யாருடைய பிறந்தநாளுக்கு யாரை அழைக்கவில்லை என்று கேளுங்கள். அவன் கவனித்து வைத்திருப்பான். ஏன் அப்படி என்று அவனையே முதலில் சொல்லவிடுங்கள். என்ன விளக்கம் வைத்திருக்கிறான் என்று தெரிந்த பிறகு உங்கள் பேச்சைத் தொடங்கலாம்.